நாட்டுக் குரங்கும் தெருத் தேரையும்

(இளம் அறிவியல் விலங்கியல், மூன்றாம் ஆண்டு)

'வேறுபடுத்துக' என்ற சொல்லைக் கேட்டாலே விலங்கியல் மாணவர்களாகிய நமக்குத் தேர்வு மண்டபத்தின் நினைவு வந்துவிடும். தாளின் நடுவே ஒரு கோடு கிழிப்போம். இடப்பக்கம் தமனி, வலப்பக்கம் சிரை. அல்லது இடப்பக்கம் தவளை, வலப்பக்கம் தேரை. ஐந்து வேறுபாடுகள் எழுதினால் ஐந்து மதிப்பெண்கள். ஆனால் எங்கள் வகுப்புக் கருத்தரங்கிற்காகப் பேராசிரியர் அவர்கள் எனக்குக் கொடுத்த தலைப்பு, 'குரங்கையும் தேரையையும் ஒப்பிடுக' என்பதாகும். வகுப்பு முழுவதும் சிரித்தது.

"ஐயா, இவை இரண்டையும் ஒப்பிட என்ன இருக்கிறது?" என்று எழுந்து கேட்டேன்.

"நீ எடமலைப்பட்டி புதூர்தானே? உன் வீட்டு வாசலில் தேரை இருக்கும். மதுரை ரோட்டில் பஸ் ஏறினால் விராலிமலையில் குரங்கு இருக்கும். புத்தகத்தை மூடி வைத்துவிட்டு ஆறு மாதம் இரண்டையும் பார். பிறகு வந்து கேள்" என்றார்.

அவ்வாறு பார்த்ததிலும், பிறகு நூலகத்தில் தேடிப் படித்ததிலும் நான் அறிந்துகொண்டவற்றை நண்பர்களுடன் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பெயரும் குலமும்

திருச்சிப் பகுதியில் நாம் காணும் செம்பழுப்புக் குரங்கை நாட்டுக் குரங்கு என்றும் குல்லாய்க் குரங்கு என்றும் அழைக்கிறோம். அதன் அறிவியற் பெயர் மக்காக்கா ரேடியேட்டா. உச்சந்தலையில் உள்ள மயிர் நடுவிலிருந்து நாற்புறமும் கதிர்போல் விரிந்து, ஒரு குல்லாயைக் கவிழ்த்து வைத்தது போல் தோன்றும். 'ரேடியேட்டா' என்பதற்குக் கதிர்களாக விரிந்தது என்றே பொருள். வால் அதன் உடலை விட நீளமானது. தமிழர் இவ்விலங்கை எவ்வளவு கூர்ந்து கவனித்திருக்கின்றனர் என்பதற்கு மொழியே சான்று. ஆண் குரங்கைக் கடுவன் என்றும் பெண் குரங்கை மந்தி என்றும் தனித்தனியே பெயரிட்டு அழைத்தனர். தொல்காப்பியத்தின் மரபியல், விலங்கின் ஆண், பெண், இளமைப் பெயர்களை வகுத்துரைக்கும்போது குரங்கிற்கும் அதில் இடமளித்துள்ளது.

நம் தெருத் தேரையை மூத்த பேராசிரியர்கள் பூஃபோ மெலனோஸ்டிக்டஸ் என்று படித்திருப்பர். 2006ஆம் ஆண்டு அதன் பேரினப் பெயர் மாற்றப்பட்டு, இப்போது டட்டாஃப்ரைனஸ் மெலனோஸ்டிக்டஸ் என்று வழங்குகிறது. இந்தியத் தவளையியல் அறிஞர் சுஷில் குமார் தத்தா அவர்களைச் சிறப்பிக்கும் வகையில் இப்பெயர் அமைந்தது. நாம் காலால் எட்டி உதைக்கும் ஒரு பிராணி, நம் நாட்டு அறிஞர் ஒருவரின் பெயரைச் சுமந்துகொண்டு திரிகிறது என்பதைப் பலர் அறியார். 'மெலனோஸ்டிக்டஸ்' என்றால் கரும்புள்ளிகள் உடையது என்று பொருள். அதன் முதுகில் உள்ள பருக்களின் முனைகள் கறுத்திருப்பதைக் கையில் விளக்கோடு குனிந்து பார்ப்பவர்கள் காணலாம்.

ஒன்று பாலூட்டி, மற்றொன்று இருவாழ்வி. இவ்விரண்டின் பொது மூதாதை ஏறத்தாழ 35 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்திருக்க வேண்டும். அத்தனை காலம் கழிந்தும் உறவின் அடையாளம் மறையவில்லை. மேற்கையில் ஒரே எலும்பு, முன்கையில் இரண்டு, பின் மணிக்கட்டு, அதன்பின் விரல்கள் என்னும் அமைப்பு இரண்டிற்கும் பொது. தேரையில் முன்கையின் இரண்டு எலும்புகளும் ஒன்றாய் இணைந்துவிட்டன. முன்காலில் நான்கு விரல்களே உள்ளன. குரங்கிற்கோ ஐந்து விரல்கள். அவற்றில் கட்டைவிரல் மற்ற விரல்களை எதிர்நோக்கி மடங்கும். நாம் பேனா பிடிப்பதும் அது வேர்க்கடலை உரிப்பதும் இதே விரலின் உதவியால்தான்.

உடலும் உணவும்

குரங்கின் இதயத்திற்கு நான்கு அறைகள், தேரைக்கு மூன்று. குரங்கு தன் உடல் வெப்பத்தைத் தானே காத்துக்கொள்கிறது. அதற்குரிய எரிபொருளைத் தேடுவதிலேயே அதன் பகற்பொழுதில் பெரும்பகுதி கழிகிறது. பழம், இலை, பூ, விதை, பூச்சி என்று எதையும் அது விடுவதில்லை. போட்டியாளர் பறித்துக்கொள்ளுமுன் வேகமாக வாரி அடைத்துக்கொள்ள அதன் இரு கன்னங்களிலும் பைகள் உண்டு. ஓர் ஓரமாகப் போய் உட்கார்ந்து, கன்னத்தைப் புறங்கையால் அழுத்தி, அடைத்ததை வெளிக்கொணர்ந்து மென்று தின்னும். அதன் வாயில் உள்ள பற்கள் 32. நம் வாயிலும் அதே எண்ணிக்கைதான்.

தேரையின் வாயில் ஒரு பல்லும் இல்லை. தவளைக்காவது மேல்தாடையில் பற்கள் உண்டு; தேரைக்கு அதுவும் கிடையாது. நாக்கு நமக்கு இருப்பதைப் போல் பின்னால் ஒட்டாமல் முன்னால் ஒட்டியிருக்கிறது. எறும்போ ஈசலோ அருகில் அசைந்தால், நாக்கு வெளியே மடங்கி விழுந்து ஒட்டிக்கொண்டு திரும்பும். விழுங்கும்போது கண்களை மூடி உள்ளே இழுத்துக்கொள்ளும். அந்தக் கண்விழிகளே இரையைத் தொண்டைக்குள் தள்ள உதவுகின்றன. எங்கள் தெருமுனை விளக்குக் கம்பத்தின் அடியில் மழைக்காலத்து இரவுகளில் தேரைகள் வட்டமாக உட்கார்ந்திருப்பதைப் பல நாள் பார்த்தேன். விளக்கைச் சுற்றிய பூச்சிகள் களைத்து விழ, இவை உட்கார்ந்த இடத்திலேயே உண்டன. உடலைச் சூடாக வைத்திருக்கும் செலவு இல்லாத பிராணிக்குக் குறைந்த உணவே போதும். உணவு கிடைக்காத கோடையில் மண்ணுக்குள் புதைந்து காத்திருக்கவும் அதனால் முடிகிறது.

தேரை தண்ணீர் குடிப்பதில்லை என்பது பலருக்கு வியப்பளிக்கும். ஈர மண்ணில் அமர்ந்து அடிவயிற்றுத் தோலின் வழியாகவே நீரை உறிஞ்சிக்கொள்கிறது. இச்செய்தியை நண்பர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். பின்னர் இதற்கு வருவேன்.

ஒரு குட்டியும் ஆயிரம் முட்டைகளும்

ஒப்பீட்டில் என்னைப் பெரிதும் சிந்திக்க வைத்தது இனப்பெருக்கமே.

மந்தி ஏறத்தாழ ஐந்தரை மாதம் கருவைச் சுமந்து ஒரே ஒரு குட்டியை ஈனுகிறது. பெரும்பாலும் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை குட்டிகள் பிறக்கின்றன. பிறந்த குட்டி தாயின் வயிற்று மயிரைப் பற்றிக்கொண்டு தலைகீழாகத் தொங்கியவாறே உலகைக் காண்கிறது. பெண் குட்டிகள் வளர்ந்த பின்னும் தாயின் கூட்டத்திலேயே தங்கிவிடும்; ஆண்கள் பருவம் எய்தியதும் பெரும்பாலும் வேறு கூட்டத்தைத் தேடிச் செல்லும். தாய், மகள், பெயர்த்தி என்று பெண்வழியே நிலைக்கும் குடும்பம் அது. குறுந்தொகையில் கடுந்தோட் கரவீரனார் பாடிய செய்யுளில், துணையை இழந்த மந்தி ஒன்று தன் குட்டியைச் சுற்றத்திடம் சேர்த்துவிட்டு மலையிலிருந்து பாய்ந்து உயிர்விடுவதாக வருகிறது. உயிர்விடுவது புலவரின் கற்பனையாகலாம். ஆனால் குட்டியை ஒப்படைக்கச் சுற்றம் என்று ஒன்று குரங்கினத்தில் உண்டு என்பதை அவர் கண்டிருக்கிறார்.

தேரையின் கதை வேறு. ஐப்பசியில் முதல் பெருமழை பெய்த இரவு, எங்கள் வீட்டுக்கு எதிரே இருந்த காலி மனையில் தேங்கிய நீரிலிருந்து ஆண் தேரைகளின் குரல் எழுந்தது. தொண்டைப் பை பந்துபோல் உப்ப, இடைவிடாத ஒரு நடுக்கக் குரல். மணலுக்குள் மறைந்து கிடக்கும் நுணல் தன் வாயினாலேயே அகப்பட்டுக்கொள்ளும் என்று பழமொழி கூறுகிறது. உண்மைதான். ஆனால் வாய் திறவாத ஆணுக்குத் துணை கிடைக்காது, சந்ததியும் இராது. கெடுவேன் என்று அறிந்தும் கத்தியாக வேண்டியது அதன் விதி. ஆணை விடப் பெரிய உடலுடைய பெண் தேரை, குரலைத் தேடி வருகிறது. ஆண் அதன் அக்குளைப் பற்றித் தழுவிக்கொள்ள, முட்டைகளும் விந்தணுக்களும் நீரில் கலக்கின்றன. காலையில் பார்த்தபோது கோரைப் புற்களைச் சுற்றிக் கண்ணாடி நூல் போன்ற வழுவழுப்பான சரங்கள் கிடந்தன. உள்ளே கறுப்பு மணிகளாய் ஆயிரக்கணக்கான முட்டைகள். தாயும் இல்லை, தந்தையும் இல்லை. இருவரும் இரவோடு இரவாகப் போய்விட்டனர்.

சில நாட்களில் கருந்தலைப்பிரட்டைகள் கூட்டங்கூட்டமாகத் திரிந்தன. பின்கால்கள் முதலில் வரும், முன்கால்கள் பிறகு, வால் கடைசியில் கரையும். சில வாரங்களில் உருமாற்றம் முடிந்து, சுண்டுவிரல் நகம் அளவே உள்ள குட்டித் தேரைகள் கரையேற வேண்டும்.

இங்கே ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஓரினத்தின் எண்ணிக்கை கூடாமலும் குறையாமலும் இருக்க வேண்டுமானால், ஓர் இணையின் வாழ்நாட் சந்ததியில் சராசரியாக இரண்டு மட்டுமே பிழைத்து வளர்ந்தால் போதும். குரங்கு தன் வாழ்நாளில் ஈனும் சில குட்டிகளுக்குள் அந்த இரண்டைக் காப்பாற்றியாக வேண்டும். தேரை ஆயிரமாயிரம் முட்டைகளை இட்டு, அந்த இரண்டைத் தற்செயலுக்கு விட்டுவிடுகிறது. 1967இல் மக்ஆர்தர், வில்சன் என்னும் இரு அறிஞர்கள் தீவுகளின் உயிரினங்களைப் பற்றிய நூலில் இவ்விரு வழிகளையும் விளக்க ஒரு கோட்பாட்டை வகுத்தனர். பிற்கால ஆய்வாளர்கள் அதைப் பலவாறு திருத்தியுள்ளனர் எனினும், அடிப்படை உண்மை நிற்கிறது. ஒரு வழி, சிலவற்றைப் பெற்றுப் பேணுவது. மற்றொரு வழி, பலவற்றைப் பெற்று விடுவது.

இதன் விளைவு என்னவென்றால், ஒரு மழைக்காலம் பொய்த்தாலும் தேரையினம் அடுத்த மழையில் ஈடுகட்டிக்கொள்ளும். ஒரு கூட்டத்தில் நான்கு மந்திகள் வண்டியில் அடிபட்டு இறந்தால் அந்தக் கூட்டம் பழைய நிலைக்கு வரப் பல ஆண்டுகள் ஆகும்.

கற்பதும் கற்பிப்பதும்

தேரைக்கு ஆசிரியர் இல்லை. பூச்சி பிடிப்பதும், மண்ணுக்குள் புதைவதும், எதிரி பிடித்தால் உடலை உப்பவைப்பதும் அது பிறவியிலேயே அறிந்தவை. குரங்குக் குட்டியோ தாயைப் பார்த்தே உலகைக் கற்கிறது. எதைத் தின்னலாம், எதற்கு அஞ்ச வேண்டும், யாருக்கு வழிவிட வேண்டும் என்பவை எல்லாம் அதற்குப் பாடங்கள். ஆகவே குரங்கே அறிவுடையது என்று முடிவு கட்டிவிடத் தோன்றும். நானும் அவ்வாறே எழுதி வைத்திருந்தேன்.

விராலிமலைக்குப் போய்வந்த ஒரு மாலை அம்முடிவை மாற்றியது. மலைக்கோயிலின் படிகளில் குரங்குகளைப் பார்த்துக் குறிப்பெடுத்துவிட்டுத் திருச்சிப் பேருந்தில் ஏறி ஜன்னலோரம் அமர்ந்தேன். பேருந்து ஊர் எல்லையில் சற்று நின்றது. சாலையின் எதிர்ப்புறம் வயிற்றில் குட்டியுடன் ஒரு மந்தி உட்கார்ந்திருந்தது. என் கையில் பாதி வாழைப்பழம் இருந்தது. பார்த்துப் பழகிய பாசத்தில் அதைத் தூக்கி எறிந்தேன். பழம் அதனிடம் போய்ச் சேரவில்லை, நடுச்சாலையில் விழுந்தது. மந்தி ஒரு நொடியும் தயங்காமல் ஓடிவந்தது. எதிரே வந்த லாரி ஓலமிட்டு நின்றது. சக்கரத்திற்கும் மந்திக்கும் இடையே ஒரு முழம் இருந்திருக்கலாம். அது பழத்தை எடுத்துக் கன்னத்தில் அடைத்துக்கொண்டு, குட்டியோடு ஓடிவிட்டது. லாரி ஓட்டுநர் என்னைப் பார்த்துத் திட்டியதற்கு நான் பதில் சொல்லவில்லை. சொல்ல என்னிடம் பதில் இல்லை.

வாழைப்பழம் பேருந்து ஜன்னலிலிருந்து வரும் என்று அதற்குக் கற்பித்தவர் யார்? அதன் தாய் மட்டுமா? என்னைப் போன்ற ஆயிரம் பயணிகளும் அல்லவா?

இதைப்பற்றி நூலகத்தில் தேடியபோது ஒரு செய்தி கிடைத்தது. கர்நாடகத்தின் பந்திப்பூரில் இதே நாட்டுக் குரங்குகளை ஆராய்ந்த பெங்களூர் அறிவியலார் 2018இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர். அங்குள்ள சில குரங்குகள், மனிதரைக் கண்டதும் ஒருவகைக் குரல் கொடுத்துக் கையை நீட்டி உணவு கேட்கக் கற்றுக்கொண்டன என்பது அதன் செய்தி. கையேந்துதல் மனிதரிடம் உணவு பெறுவதற்கென அவை கண்டறிந்து கைக்கொண்ட வழி. அவற்றின் அறிவுக் கூர்மைக்கு இது சிறந்த சான்று என்பதில் ஐயமில்லை. அதே சமயம், காட்டில் உழைத்து உண்ணும் ஓரினம் நம்மைச் சார்ந்து வாழத் தொடங்கிவிட்டதற்கும் இதுவே சான்று. கற்கும் ஆற்றலே குரங்கின் செல்வம். நாமோ அதற்குத் தவறான பாடம் நடத்திக்கொண்டிருக்கிறோம்.

நெருக்கம் கூடக் கூட வேறு கேடுகளும் வருகின்றன. கையில் உள்ளதைப் பிடுங்கும்போது குரங்கு கடிக்கிறது. கடிபட்டவர் ஊசிக்காக மருத்துவமனைக்கு ஓடுகிறார். உடலமைப்பில் நமக்கு அண்மையில் இருப்பதால் நோய்களும் இருபுறமும் தாவக்கூடும். 1957இல் கர்நாடகத்தின் சிமோகா மாவட்டத்துக் கியாசனூர்க் காட்டில் குரங்குகள் மாண்டு விழுந்தபோதுதான், உண்ணிகளால் பரவும் ஒரு புதிய காய்ச்சல் அறிவியலாருக்குத் தெரியவந்தது. மக்கள் அதைக் குரங்குக் காய்ச்சல் என்றே அழைக்கின்றனர். உண்மையில் குரங்கு நோயைப் பரப்பும் குற்றவாளி அன்று. நம்மைப் போலவே அதற்குப் பலியாகும் பிராணி.

தேரையின் மேல் விழுந்த பழி

இனி என் வீட்டுக் கதைக்கு வருகிறேன். எங்கள் அப்பாயி வாசலில் தேரையைக் கண்டால் உள்ளே போய் ஒரு கை உப்பை அள்ளி வருவார். சிறுவனாயிருந்தபோது அந்த உப்பைத் தூவும் வேலை எனக்கே. தேரை துடித்துச் சுருண்டு கிடப்பதை வேடிக்கை பார்த்திருக்கிறேன். தோல்வழியே நீர் அருந்தும் பிராணி என்று முன்னர் கூறினேன். அந்தத் தோலின்மேல் உப்பைத் தூவினால் உடலின் நீர் முழுவதும் வெளியேறத் தொடங்கும். சவ்வூடு பரவல் என்று நாம் ஆய்வுக்கூடத்தில் உருளைக்கிழங்கை வைத்துச் செய்யும் சோதனையை நான் ஐந்து வயதிலேயே உயிருள்ள தேரையின் மேல் செய்துவிட்டேன்.

"எதுக்கு அப்பாயி அதைக் கொல்லணும்?" என்று இவ்வாண்டுதான் கேட்டேன்.

"தேரை பட்டா புள்ளை இளைச்சுப் போயிடும்யா. உன் சித்தப்பனுக்கு அப்படித்தான் ஆச்சு. தேரை தோஷம்னு மந்திரிச்சோம். நிக்கலை" என்றார். எனக்குச் சித்தப்பா ஒருவர் குழந்தையிலேயே இறந்துபோனார் என்பதை அன்றுதான் அறிந்தேன். அப்பாயியின் உப்பில் வெறுப்பு மட்டும் இருக்கவில்லை. ஐம்பது ஆண்டுத் துயரமும் இருந்தது.

குழந்தை இளைத்துப் போவது ஊட்டக்குறைவாலும் அடிக்கடி வரும் வயிற்றுப்போக்கு முதலிய நோய்களாலும் என்று இன்று மருத்துவம் கூறுகிறது. உடைத்த தேங்காயில் நீரோ பருப்போ சரியாக இல்லாவிட்டால் 'தேரை விழுந்த காய்' என்கிறோம். தென்னையில் அது சத்துக்குறையாலும் மகரந்தச் சேர்க்கைக் குறையாலும் நேர்கிறது. குழந்தையானாலும் காயானாலும், சத்துக்குறை செய்த குற்றத்திற்குத் தேரை தண்டனை அனுபவித்து வந்திருக்கிறது. அதைத் தொட்டால் பரு வரும் என்பதும் அத்தகையதே. நம் தோலில் வரும் மருவிற்குக் காரணம் ஒரு வைரஸ். தேரையின் முதுகுப் பருக்கள் சுரப்பிகள்.

அதற்கு நஞ்சு இல்லையா என்று கேட்கலாம். உண்டு. கண்களுக்குப் பின்னால் இரு பக்கமும் புடைத்திருக்கும் பரோட்டாய்டு சுரப்பிகளில் பால் போன்ற நஞ்சு உள்ளது. அது இதயத்தைத் தாக்கக்கூடியது. நாய் கவ்வினால் நுரை கக்கி விட்டுவிடும். ஆனால் அந்த நஞ்சைப் பாய்ச்சப் பல்லும் இல்லை, கொடுக்கும் இல்லை. தன்னை வாயில் போட்டுக்கொள்பவருக்கு மட்டுமே அது பகை. கையில் பட்டால் கண்ணைத் தொடாமல் கழுவிக்கொண்டால் போதும்.

ஆண் தேரையின் விந்தகத்து முனையில் பிட்டர் உறுப்பு என்று ஒன்று உண்டு. விந்தகத்தை நீக்கிவிட்டால் அது அண்டகமாக வளரக்கூடும் என்று படித்தபோது, இத்தனை விந்தைகளை உடைய பிராணியை உப்புக்கு இரையாக்கினோமே என்று நாணினேன். விலங்கியல் வகுப்புகளில் உயிர்களை அறுத்துப் பயிலும் வழக்கத்தைப் பல்கலைக்கழக மானியக் குழு 2014இல் நிறுத்தச் செய்தது. ஆய்வுக்கூடத் தட்டிலிருந்து தவளை தப்பிவிட்டது. வாசற்படியில் தேரை இன்னும் தப்பவில்லை.

இன்று இவற்றின் நிலை

'எது செழித்து வாழ்கிறது?' என்று வகுப்பு நண்பர்கள் பதினைந்து பேரிடம் கேட்டேன். பதின்மூவர் குரங்கு என்றனர். அறிவுடையது, வணங்கப்படுவது, எங்கும் காணப்படுவது என்று காரணமும் கூறினர்.

பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியல் இதற்கு நேர்மாறாகக் கூறுகிறது. தேரை 'கவலை குறைந்த' இனம். நாட்டுக் குரங்கோ 2020ஆம் ஆண்டுப் பதிப்பில் 'அழிவாய்ப்புள்ள' இனமாகச் சேர்க்கப்பட்டுள்ளது. மைசூர்ப் பல்கலைக்கழகத்தின் மேவா சிங் அவர்களும் அவருடைய குழுவினரும் கர்நாடகத்தில் பல்லாண்டுகள் எண்ணிப் பார்த்து, அவர்கள் ஆராய்ந்த பகுதிகளில் நாட்டுக் குரங்கின் தொகை கால் நூற்றாண்டில் பாதிக்கும் மேல் குறைந்துவிட்டதை 2017இல் வெளியிட்டனர். சாலைகளை அகலப்படுத்த ஆலும் புளியும் வெட்டப்பட்டன. தொல்லை என்று பிடித்துக் கொண்டுபோய் வேறிடங்களில் விடப்பட்டன. வடக்கிலிருந்து ரீசஸ் குரங்குகள் தெற்கு நோக்கிப் பரவி இவற்றின் இடத்தைப் பிடிக்கின்றன. நாட்டுக் குரங்கு தென்னிந்தியாவைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக வாழ்வதில்லை. இங்கே அற்றுப்போனால் எங்கும் அற்றுப்போனதே.

தேரை அப்படியன்று. தெற்காசியாவிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் பரந்து வாழ்கிறது. கப்பற் சரக்கோடு மடகாஸ்கர்த் தீவுக்கும் போய்விட்டது. அங்குள்ள தோமாசினா துறைமுகப் பகுதியில் அது பெருகியிருப்பது 2014இல் உலகிற்குத் தெரியவந்தது. தென்கிழக்கு ஆசியாவிலிருந்து சென்றவை என்று மரபணு ஆய்வு காட்டியது. அத்தீவின் பாம்புகளும் பிற விலங்குகளும் தேரை நஞ்சுக்குப் பழகாதவை. ஆதலால் அறிவியலார் அஞ்சுகின்றனர். தன் இடத்தில் பூச்சிகளை உண்டு உதவும் பிராணி, இடம் மாறினால் தீங்காகிறது.

ஆயினும் தேரைக்கு எதுவும் நேராது என்று நான் எழுத மாட்டேன். எதிர் மனையில் தலைப்பிரட்டைகளுக்குப் பின்கால் முளைத்திருந்த வாரத்தில், வீடு கட்டுவதற்காக டிப்பர் லாரிகள் வந்து செம்மண்ணைக் கொட்டத் தொடங்கின. மனை உரிமையாளரைக் குறைகூற முடியாது. அவரும் வீடு வேண்டித்தான் கட்டுகிறார். நானும் என் தங்கையும் பழைய பெயிண்ட் வாளி ஒன்றில் முடிந்தவரை மொண்டு கோரையாற்றுப் பக்கம் தேங்கியிருந்த பள்ளத்தில் விட்டு வந்தோம். மூன்று நடை நடந்தோம். நான்காம் நடைக்குத் தண்ணீர் இல்லை. வாளியைக் கழுவ வைத்தபோது அப்பாயி வந்து எட்டிப் பார்த்தார். "இதுதான் தேரைக் குஞ்சா? மீன் மாதிரி இருக்கு" என்றார். அதற்குமேல் ஒன்றும் கூறவில்லை. அதன்பின் வாசலில் தேரை வந்தால் உப்பை எடுப்பதில்லை. துடைப்பத்தால் மெல்ல ஒதுக்கிவிடுகிறார். அந்தளவுக்கு எனக்கு மகிழ்ச்சியே.

முடிவுரை

கருத்தரங்கிற்காகப் பத்து வேறுபாடுகள் கொண்ட அட்டவணை ஒன்றைத் தயாரித்தேன். பத்தாவதாக, 'மனிதர் தருவது: குரங்கிற்குப் பழம், தேரைக்கு உப்பு' என்று எழுதியிருந்தேன். பேராசிரியர் அவர்கள் அட்டவணையைப் படித்துவிட்டு, அந்தப் பத்தாவது வரியை மட்டும் அடித்தார். "இது வேறுபாடு இல்லை, தம்பி. ஒற்றுமைகளின் கீழ் எழுது" என்றார்.

அதன் பொருள் எனக்கு அந்த லாரியின் ஓலத்தில் விளங்கியிருந்தது. குரங்கை நேசித்து எறிந்த பழமும் தேரையை வெறுத்து எறிந்த உப்பும் என் ஒரே கையிலிருந்து போனவை. இரண்டும் அப்பிராணியைச் சிறிதும் அறியாமல் எறியப்பட்டவை.

மாணவ நண்பர்களே! விராலிமலைக்கும் திருவரங்கத்திற்கும் செல்லும்போது குரங்கைக் கண்டால் கண்குளிரப் பாருங்கள். கையில் உள்ளதை நீட்டாதீர்கள், வண்டியிலிருந்து எறியாதீர்கள். அதற்கு உணவிட விரும்பினால், கல்லூரி நாட்டு நலப்பணித் திட்டத்தில் மரம் நடும்போது அரசும் ஆலும் அத்தியும் சாலையிலிருந்து தள்ளி நட வழி செய்யுங்கள். அப்பழம் எந்தச் சக்கரத்தின் கீழும் விழாது. மழை இரவில் வண்டி ஓட்டும்போது விளக்கடியில் உட்கார்ந்திருக்கும் தேரைக்காகச் சற்று விலகிச் செல்லுங்கள். வாசலுக்கு வந்துவிட்டால் ஒரு முறத்தில் ஏந்திச் செடியோரம் விடுங்கள். அடுத்த ஐப்பசியிலும் நம் ஊர்க் காலி மனைகளில் அந்த நடுக்கக் குரல் கேட்க வேண்டும். அக்குரலைக் கேட்டால் எங்கள் வீட்டில் இப்போது யாரும் உப்பைத் தேடுவதில்லை. தங்கை வாளியைத் தேடுகிறாள்.